குழந்தைகளின் செரிமான நலத்தில் ஆய்வுப் பணியைத் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகளின் இரைப்பை, குடல், கல்லீரல் நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பதில் கைதேர்ந்த ஒருவர், அந்தத் தேர்ச்சியின் பலத்தாலேயே நல்ல ஆய்வாளராகிவிடுவதில்லை. என்டோஸ்கோபிக் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதைப் போலவே, கேள்வி எழுப்புவதையும் அளப்பதையும் கணக்கிடுவதையும் எழுதுவதையும் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில், அதற்கென்றே ஒதுக்கிய ஆண்டுகளில் கற்றாக வேண்டும். குழந்தை மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பை முடித்து, இரைப்பை-குடல் துறைப் பயிற்சிக்குள் நுழையும்போதே ஆய்வையும் வாழ்க்கைப் பணியாகக் கொள்ள நினைக்கும் மருத்துவருக்காக, அவர் எடுத்துவைக்க வேண்டிய அடிகளை அவை வர வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இத்துறைக்கு ஆய்வாளர்கள் தேவைப்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளிலும் செய்யும் பரிசோதனைகளிலும் கணிசமான பங்கு பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டு, பிறகு எடைக்கேற்பக் குறைத்துக் குழந்தைகளுக்குக் கொண்டுவரப்பட்டவை. ஆனால் குழந்தையின் குடல் பெரியவர் குடலின் சிறிய பதிப்பன்று. மலத்தில் அளக்கப்படும் கால்புரோடெக்டின் என்ற அழற்சிக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராம் என்பது வழக்கமான மேல் வரம்பு. எந்த நோயுமற்ற கைக்குழந்தையிடம் அது பல நூறைத் தொடலாம், 4 வயதையொட்டித்தான் பெரியவர்களின் அளவுக்கு இறங்கும். இதை அறியாமல் பெரியவர்களுக்கான வரம்பை வைத்து ஆய்வு வடிவமைப்பவர், நலமாக உள்ள குழந்தைகளை நோயாளிகள் பட்டியலில் சேர்த்துவிடுவார். அழற்சியால் உயரம் தடைபடுவதும், பருவமடைதல் தள்ளிப்போவதும், பாலூட்டும் முறைக்கேற்பக் குடல் நுண்ணுயிர்கள் மாறுவதும் பெரியவர்களிடம் ஆய்வு செய்து விடை காண முடியாத விஷயங்கள்.

முதல் அடி: கேள்வியைத் தேடுதல்

பயிற்சியின் முதல் ஆண்டு பெரும்பாலும் நோயாளிகளைப் பார்ப்பதிலேயே கழியும். அதை ஆய்வுக்குப் பயன்படாத காலம் என்று எண்ணிவிட வேண்டாம். நாள்தோறும் வார்டில் எழும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்தக் குழந்தையிடம் பாடநூல் சொன்னது நடக்கவில்லை, மூத்த மருத்துவர்கள் இருவர் எந்த இடத்தில் வேறு வேறு முடிவு எடுத்தார்கள், பெற்றோர் கேட்ட எந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்பவையே குறித்துவைக்க வேண்டியவை. வார்டில் பார்த்த ஒன்றிலிருந்து பெரிய கண்டுபிடிப்பு பிறந்த வரலாறு இத்துறைக்கு உண்டு. உணவின் சத்தைக் குடல் சரியாக உறிஞ்ச முடியாத சீலியாக் நோயுள்ள குழந்தைகள் கோதுமை சேர்ந்த உணவால் மோசமாகிறார்கள் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கவனித்தார். ஆனால் கவனித்ததோடு அவர் நின்றிருந்தால் அது ஒருவரின் அபிப்பிராயமாகவே போயிருக்கும். வான் டி காமர் என்ற உயிர்வேதியியலாளர் மலத்திலுள்ள கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையை உருவாக்கியிருந்தார். உணவில் கோதுமை இருக்கும்போதும் இல்லாதபோதும் கொழுப்பு எவ்வளவு வெளியேறுகிறது என்று அந்த முறையால் அளந்த பிறகுதான் அபிப்பிராயம் ஆதாரமாயிற்று. டிக்கே தம் ஆய்வேட்டை 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார். ஒரு கவனிப்பு, அதை எண்ணாக மாற்றும் ஒரு அளவீடு, அந்த அளவீட்டில் வல்ல ஒரு துணையாளர் என்ற மூன்றும் உங்கள் கேள்விக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆண்டு முடிவில் நோட்டில் நிறையக் கேள்விகள் சேர்ந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிட வேண்டியிருக்கும். முதலில் இலக்கியத் தேடல் செய்து, ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டவற்றை நீக்குங்கள். மிஞ்சியவற்றுக்கு ஓர் எளிய கணக்குப் போடுங்கள். உங்கள் பிரிவுக்கு ஆண்டுக்கு 30 குழந்தைகள் புதிதாகக் க்ரோன் நோயோடு, அதாவது நீடித்த குடல் அழற்சி நோயோடு, வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வின் வரையறைக்குள் 20 பேர் வருவார்கள். அவர்களில் 14 பேரின் பெற்றோர் சம்மதிப்பார்கள். 2 ஆண்டுகளில் 28 பேர். தொடர்ந்து வராமல் நின்றுவிடுபவர்களைக் கழித்தால் 22 பேர். இந்த 22 பேரை வைத்து விடை சொல்லக்கூடிய கேள்வியா உங்களுடையது? ஆம் எனில் அது நல்ல கேள்வி. இல்லையெனில், கேள்வியைச் சுருக்குவதோ வேறு மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொள்வதோதான் வழி. புதியவர்களின் ஆய்வு பாதியில் நிற்பதற்கு அறிவுக் குறைவைவிட இந்தக் கணக்கைப் போடாததே பெரிய காரணம் என்பது என் கருத்து.

நெறியாளரைத் தேர்ந்தெடுத்தல்

புகழ்பெற்ற பெயரைப் பார்த்து நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அதைவிட முக்கியமான செய்தி, அவரிடம் பயின்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பது. அவர்களில் எத்தனை பேர் சொந்த ஆய்வு நல்கை (நிதியுதவி) பெற்று, சொந்தக் குழு நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். வாரம் ஒரு முறை அவர் உங்களைச் சந்திப்பாரா, நீங்கள் எழுதிய வரைவை எத்தனை நாளில் திருத்தித் தருவார், நீங்கள் திரட்டும் தரவைக் கொண்டு எழுதப்படும் முதல் கட்டுரையில் முதல் ஆசிரியர் யார், பயிற்சி முடிந்து நீங்கள் வெளியேறும்போது இந்த ஆய்வுப் பொருளின் எந்தப் பகுதியை உங்களோடு எடுத்துச் செல்லலாம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குபவர்களே அதிகம்; பின்னாளில் மனத்தாங்கல் வருவதும் பெரும்பாலும் அதனால்தான்.

ஒரே நெறியாளரிடம் எல்லாமும் கிடைக்காது. இத்துறைக்கு வெளியே உள்ள ஒருவர், அதாவது நோயெதிர்ப்பியலாளரோ நுண்ணுயிரியலாளரோ மரபியலாளரோ, உங்கள் ஆலோசனைக் குழுவில் இருக்கட்டும். புள்ளியியலாளர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். தரவு திரட்டி முடித்த பிறகு அவரிடம் போகாமல், முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே போங்கள். உங்கள் வேலையிலும் வாழ்க்கையிலும் அக்கறை கொண்ட, ஆனால் உங்கள் தரவில் எந்தப் பங்கும் இல்லாத மூத்தவர் ஒருவரும் வேண்டும். நெறியாளரோடு கருத்து வேறுபாடு வரும்போது அவரிடம்தான் மனம் விட்டுப் பேச முடியும்.

நேரத்தைக் காப்பாற்றுதல்

ஆய்வுக்கென ஒதுக்கிய நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். "வேலை குறையும்போது செய்துகொள்ளலாம்" என்று சொல்லப்படும் ஆய்வு நடப்பதில்லை, ஏனெனில் குழந்தைகள் வார்டில் வேலை குறைவதே இல்லை. எவ்வளவு நேரம் தேவை என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்கள் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கு வழங்கும் கே-08, கே-23 என்ற வளர்ச்சி நல்கைகளைப் பெறுபவர் தம் பணிநேரத்தில் குறைந்தது 75 விழுக்காட்டை ஆய்வுக்கும் ஆய்வுப் பயிற்சிக்கும் செலவிட வேண்டும் என்பது விதி. முன்னது ஆய்வகம் சார்ந்த பணிக்கும் பின்னது நோயாளிகளிடம் நேரடியாகச் செய்யும் ஆய்வுக்கும் உரியது. எல்லா நாடுகளிலும் இந்த அளவு கிடைக்காது. ஆயினும் வாரத்தில் 2 முழு நாட்களாவது அவசர அழைப்புகள் இன்றி, வேறு மருத்துவர் பொறுப்பேற்றிருக்க உங்களுக்குக் கிடைக்காவிட்டால், இனி வரும் குழந்தைகளைச் சேர்த்துத் தொடர்ந்து பார்க்கும் முன்னோக்கு ஆய்வு எதையும் தொடங்காமல், ஏற்கெனவே உள்ள மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்யும் பின்னோக்கு ஆய்வோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. பாதியில் விடப்படும் ஆய்வில் சேர்ந்த குழந்தைகளின் இரத்தமும் பெற்றோரின் நம்பிக்கையும் வீணாகின்றன.

எதைப் படிப்பது

நோயாளிகளிடம் ஆய்வு செய்ய விரும்புபவருக்குக் கொள்ளைநோயியலும் உயிர்ப்புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும் முறையான பாடங்களாகத் தேவை. முடிந்தால் முதுநிலைப் பட்டமாகவே படித்துவிடுங்கள். ஆய்வக வழியை நாடுபவர், குடல் செல்களை முப்பரிமாணத்தில் வளர்க்கும் ஆர்கனாய்டு முறை, ஒவ்வொரு செல்லின் மரபுச் செய்தியையும் தனித்தனியே படிக்கும் ஒற்றைச் செல் வரிசைப்படுத்தல், நுண்ணுயிர்த்தொகுதிப் பகுப்பாய்வு போன்றவற்றில் ஏதேனும் ஒன்றைத் தம் கையால் செய்யுமளவு கற்க வேண்டும். இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் கால் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒன்றில் ஆழமாக இறங்கி, மற்றொன்றின் மொழியைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பதே நடைமுறைக்கு உகந்தது. இரு வழிகளும் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2009இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சிக்கு ஆளான குழந்தைகளிடம் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்துக்கான ஏற்பியின் மரபணுவில் பிறழ்வு இருப்பதை அது கண்டறிந்தது; அவர்களில் ஒரு குழந்தைக்கு இரத்தத் தண்டுசெல் மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டு, நோய் தணிந்த நிலை நீடித்தது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத சில குழந்தைகளைப் பற்றிய மருத்துவர்களின் கவலை, ஆய்வகத்தில் விடை கண்டு, மீண்டும் அதே குழந்தைகளுக்குச் சிகிச்சையாகத் திரும்பி வந்தது.

குழந்தைகளிடம் ஆய்வு செய்யும் ஒழுங்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்ற எதில் பிழை நேர்ந்தாலும் சரிசெய்துகொள்ளலாம். குழந்தை தனக்காகச் சம்மதம் தர முடியாதது என்பதால் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. விவரம் புரியும் வயதுடைய குழந்தையிடம், அதற்குப் புரியும் சொற்களில் சொல்லி, அதன் இசைவையும் தனியாகப் பெற வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டாலும் 10 வயதுச் சிறுமி "வேண்டாம்" என்றால், சிகிச்சைக்குத் தேவைப்படாத அந்த மாதிரியை எடுக்கக் கூடாது. ஒப்புதல் கேட்கும் நேரமும் முக்கியம். என்டோஸ்கோபிக்காகப் பட்டினியோடு காத்திருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாயிடம், செயல்முறை அறையின் வாசலில் நின்று படிவத்தை நீட்டினால் அவர் எதிலும் கையெழுத்திடுவார். அதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. முந்தைய வருகையின்போதே விளக்கி, படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, சிகிச்சை தரும் மருத்துவரல்லாத ஒருவர் பிறகு கேட்பது நல்ல முறை. மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது என்பதை வாயாலும் சொல்ல வேண்டும்.

இரத்தம் எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டுதல், குழந்தையின் மொத்த இரத்தத்தைக் கிலோவுக்கு 80 முதல் 90 மி.லி. என்று கொண்டு, ஆய்வுக்காக ஒரே முறையில் அதில் 1 விழுக்காட்டுக்கு மேலும், 4 வாரங்களில் 3 விழுக்காட்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது என்கிறது. 5 கிலோ எடையுள்ள கைக்குழந்தையிடம் இருப்பது ஏறத்தாழ 400 மி.லி.; ஆகவே ஒரு முறைக்கு 4 மி.லி., 4 வாரத்துக்கு 12 மி.லி. பெரியவர்களிடம் ஒரே குழாயில் 10 மி.லி. எடுத்துப் பழகிய ஆய்வகத்தோடு கூட்டுச் சேரும்போது, இந்த எண்ணை முதல் கூட்டத்திலேயே மேசையில் வையுங்கள். எந்தப் பரிசோதனைகளை விட்டுவிட வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். ஆய்வுக்காக மட்டும் நலமான குழந்தைக்கு மயக்கம் கொடுத்து என்டோஸ்கோபி செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் இசையாது. சிகிச்சைக்காகச் செய்யப்படும் என்டோஸ்கோபியின்போது, ஒப்புதலோடு, கூடுதலாக ஓரிரு துண்டுத் திசு எடுப்பதுதான் பொதுவழி. ரூத் பிஷப்பும் அவருடைய சகாக்களும் 1973இல் மெல்போர்னில் ரோட்டாவைரஸைக் கண்டதும், கடும் வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளின் முன்சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான்.

தரவும் மாதிரியும்

தரவு திரட்டும் படிவத்தைத் தயாரிக்கும் வாரத்தில்தான் உங்கள் ஆய்வின் தரம் முடிவாகிறது. "வயிற்றுப்போக்கு உண்டா, இல்லையா" என்று ஒரு கட்டம் போட்டால், நிரப்புபவர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்து நிரப்புவார். 24 மணி நேரத்தில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட முறை இளகிய அல்லது நீர்த்த மலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளுக்கு ஐந்தாறு முறை குழைவாகப் போவது நோயன்று. எனவே படிவத்தில் எத்தனை முறை, எப்படி இருந்தது, இந்தக் குழந்தையின் வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா, என்ன பால் குடிக்கிறது என்று நான்கு தனிக் கேள்விகள் வேண்டும். மலத்தின் தோற்றத்தைச் சொற்களால் கேட்பதைவிடப் படங்களைக் காட்டிக் கேட்பது மேல். முதல் 5 குடும்பங்களிடம் நீங்களே அமர்ந்து படிவத்தை நிரப்பிப் பாருங்கள். தாய் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறாரோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். தரவை ரெட்கேப் மென்பொருள் போன்ற பாதுகாப்பான அமைப்பில், பெயர் நீக்கி, யார் எப்போது திருத்தினார் என்ற தடத்தோடு சேமிப்பது இன்று அடிப்படைத் தேவையாகிவிட்டது.

நோயின் கடுமையை அளக்க, குழந்தைகளிடம் சரிபார்க்கப்பட்ட அளவுகோல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பெருங்குடல் புண் அழற்சிக்கு 2007இல் வெளியான பியூகாய் அளவுகோல், வயிற்றுவலி, இரத்தப்போக்கு, மலத்தின் தன்மை, எண்ணிக்கை, இரவில் எழுதல், அன்றாடச் செயல்பாடு ஆகிய ஆறை மட்டும் கேட்டு 0 முதல் 85 வரை மதிப்பெண் தருகிறது. ஊசியும் குழாயும் தேவையில்லை. சொந்த அளவுகோலை உருவாக்குவது தனியே ஓர் ஆய்வுத் திட்டம். வேறோர் ஆய்வின் நடுவே செய்து முடிக்கும் வேலையன்று.

திசு மாதிரிகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். குடலிலிருந்து எடுத்த துண்டு எத்தனை நிமிடத்தில் உறையவைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அதிலுள்ள ஆர்.என்.ஏ.யின் தரம் மாறும். ஆகவே முந்தைய நாளே உறைகுளிர் குப்பிகளில், குளிரிலும் ஈரத்திலும் அழியாத எழுத்தில், குறியீட்டு எண்ணுள்ள சீட்டுகளை ஒட்டிவைத்து, எடுத்த நேரம், உறையவைத்த நேரம் என இரு கட்டங்களை அதனோடு செல்லும் தாளில் அச்சிட்டுவைக்க வேண்டும். அந்த நேரங்களைக் குறிக்கப்போவது செயல்முறை அறைச் செவிலியர். என்டோஸ்கோபி செய்துகொண்டிருக்கும் உங்களால் எழுத முடியாது. எனவே ஆய்வு எதைப் பற்றியது என்பதை அவருக்கு விளக்கி, வெளியீட்டில் அவருடைய உழைப்பை எப்படிக் குறிப்பிடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மைனஸ் 80 டிகிரியில் இருக்கும் குளிர்பெட்டியின் எந்தத் தட்டில், எந்தப் பெட்டியில், எந்தக் குழியில் உங்கள் குப்பி இருக்கிறது என்ற வரைபடம் உங்கள் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது. நுண்ணுயிர் ஆய்வுக்கான மல மாதிரியாயின், அண்மையில் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, பிறந்த முறை, பாலூட்டும் முறை ஆகிய மூன்றும் பதிவாகாத மாதிரியால் பயனில்லை.

ஒரு மருத்துவமனை போதாதபோது

குழந்தைகளின் செரிமான நோய்களில் பல அரியவை என்பதால் கூட்டு முயற்சி இங்கே தவிர்க்க முடியாதது. பித்தநாளங்கள் அடைபட்டுப் பிறக்கும் அட்ரீசியா நோய்க்கு, ஜப்பானின் மோரியோ கசாய் 1959இல் வெளியிட்ட, பித்தத்தைக் குடலுக்கு வடியச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஸ்டீராய்டு கொடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அது உண்மையில் பயன் தருகிறதா என்று, யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்யும் தற்செயல் ஒதுக்கீட்டு முறையில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு, 14 மருத்துவமனைகள் சேர்ந்தும் 140 குழந்தைகளைச் சேர்க்க 5 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. சராசரியாக மருத்துவமனைக்குப் பத்துக் குழந்தைகள். 2014இல் வந்த முடிவு, ஸ்டீராய்டு பித்த வடிகாலைப் புள்ளியியல் அளவில் குறிப்பிடத்தக்க விதத்தில் மேம்படுத்தவில்லை என்றது. ஒரே மருத்துவமனையின் அனுபவத்தை வைத்து இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

இன்னொரு வகைக் கூட்டு முயற்சியும் உண்டு. அதே நோயை நேரத்தோடு கண்டுபிடிக்க, தைவானில் மலத்தின் நிறங்களைக் காட்டும் அட்டையைக் குழந்தை நலக் கையேட்டில் சேர்த்து, 2002இல் சில மருத்துவமனைகளிலும் 2004இலிருந்து நாடு முழுவதும் பயன்படுத்தினார்கள். வெளிறிய மலத்தைப் பெற்றோரே அடையாளம் கண்டு தெரிவித்ததால், பிறந்து 60 நாளுக்குள் அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பங்கு உயர்ந்தது. இதற்கு மரபணு வரிசைப்படுத்தும் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆய்வு என்றாலே ஆய்வகம் என்று நினைக்கும் இளம் மருத்துவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இவ்வகைக் கூட்டமைப்பில் புதியவர் சேர்வதற்கு எளிய வழி, ஏற்கெனவே நடக்கும் ஆய்வுக்கு உங்கள் மருத்துவமனையிலிருந்து குழந்தைகளைச் சேர்க்கும் பொறுப்பை ஏற்று, அதைக் குறைவின்றிச் செய்வது. அதன் பின் அத்தரவிலிருந்து ஒரு துணைக் கேள்விக்கு விடை காணும் அனுமதியைக் கேட்பது. எஸ்ப்கான் (ஐரோப்பா), நாஸ்ப்கான் (வட அமெரிக்கா) போன்ற குழந்தைச் செரிமானத் துறைச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் இளம் ஆய்வாளர்களுக்கென அமர்வுகள் உண்டு. உங்கள் கேள்வியோடு ஒத்த கேள்வியுள்ளவர்களை அங்கேதான் சந்திப்பீர்கள்.

எழுதுதலும் நல்கையும்

ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவிடலாம், எழுதிவிடவும் வேண்டும். தற்செயல் ஒதுக்கீட்டு ஆய்வுக்குக் கன்சார்ட், சிகிச்சையில் தலையிடாமல் கவனித்து மட்டும் செய்யும் நோக்கீட்டு ஆய்வுக்கு ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை அருகில் வைத்துக்கொண்டு எழுதினால், எதை அளக்க மறந்தோம் என்பது காலங்கடக்கும் முன்பே தெரியும். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வாயின், முதல் குழந்தையைச் சேர்க்கும் முன் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் வெளியிடுங்கள். மேலே சொன்ன ஸ்டீராய்டு ஆய்வு அப்படிப்பட்டதே.

முதல் நல்கை விண்ணப்பத்தில் அதிக உழைப்பைக் கோருவது, நோக்கங்களைச் சொல்லும் முதல் பக்கம். எந்தக் குழந்தைகளுக்கு என்ன பிரச்சினை, இதுவரை என்ன தெரியும், எது தெரியவில்லை, நீங்கள் எதைச் செய்து அதைக் கண்டறியப்போகிறீர்கள் என்பவை அந்த ஒரு பக்கத்தில், துறைக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவருக்கும் புரியும்படி அமைய வேண்டும். இரண்டாம் நோக்கம் முதல் நோக்கத்தின் வெற்றியைச் சார்ந்திருந்தால் மதிப்பீட்டாளர்கள் அதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்புவார்கள்; ஒன்று தோற்றாலும் மற்றது நிற்கும்படி அமையுங்கள். முதல் விண்ணப்பம் மறுக்கப்படுவது சாதாரணம். மதிப்பீட்டுக் குறிப்புகளை வாங்கிய அன்றே பதில் எழுத உட்காராமல், ஒரு வாரம் கழித்து நெறியாளரோடு அமர்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

முதல் பணியிடம்

பயிற்சி முடிந்து வேலை தேடும்போது, சம்பளத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பணி நியமனக் கடிதம். வாரத்தில் எத்தனை நாள் ஆய்வுக்கு, அது எத்தனை ஆண்டுகளுக்கு, நல்கை கிடைக்கும் வரை அந்த நாட்களின் சம்பளத்தை யார் ஏற்பார், ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கிடைப்பாரா, குளிர்பெட்டிக்கும் புள்ளியியல் உதவிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய இடத்தில் நீங்கள் திரட்டிய மாதிரிகளைப் புதிய இடத்துக்குக் கொண்டுவர இரு நிறுவனங்களுக்கும் இடையே மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும், புதிய நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவைப்படும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், புதிய வேலையில் சேரும் நாளுக்கு வெகு முன்பே, பழைய இடத்தின் அலுவலகம் உங்களை இன்னும் தன் ஊழியராகக் கருதும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.